பழனி நடைப்பயணத்தில் பி.பி. மாத்திரையோடு வலி மாத்திரை: கிட்னி பாதிக்குமா?

கண்டனூர்க்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 68 வயது. பி.பி. ரொம்ப வருடமாக இருக்கிறது, சுகர் அதற்கப்புறம் வந்தது. காலையில் டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, டாபாகிளிஃப்ளோசின் 10 ஒரு வேளை. முழங்கால் வலி உண்டு, ஆனால் வீட்டில் இருக்கும்போது அதற்கு மாத்திரை எடுக்கமாட்டார், தைலம் தேய்ப்பதோடு சரி.

சிக்கல் தைப்பூசத்தில்தான் வருகிறது. குன்றக்குடியிலிருந்து கிளம்பும் நகரத்தார் காவடிக் கூட்டத்தோடு வருடா வருடம் பழனிக்கு நடந்து போவார். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று சுமார் 150 கிலோமீட்டர். போன முறை போகும்போது நத்தம் தாண்டியதும் கால் தாங்கவில்லை என்று வழியில் ஒரு மெடிக்கலில் கேட்டு அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரையை வாங்கி, காலையும் இரவுமாகப் பழனி போகும்வரை போட்டிருக்கிறார். நடுவில் ஒரு முகாமில் வலி ஊசியும் போட்டார்களாம். விரதம் என்பதால் சாப்பாடு ஒரு வேளைதான், அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முகமும் பாதமும் வீங்கியிருந்தன, சிறுநீர் குறைவாகப் போனது, ஒரே அசதி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6. அதற்கு முன் 1.1 இருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, சில வாரம் கழித்துப் பார்த்தபோது 1.2-க்கு இறங்கிவிட்டது. காட்டிய இடத்தில் "இனிமேல் வலி மாத்திரை தொடாதீர்கள்" என்ற ஒரு வரியோடு அனுப்பிவிட்டார்கள். ஏன், எதோடு எது சேரக்கூடாது, வலி வந்தால் வேறு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வருடமும் கிளம்பத் தயாராகிவிட்டார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனதும் இல்லை, சொன்னால் கேட்கப்போவதும் இல்லை. அந்த வலி மாத்திரை மட்டும்தான் காரணமா, பி.பி. மாத்திரையோடு சேர்ந்ததாலா, தண்ணீர் குறைந்ததாலா? நடக்கும்போது வலிக்கு எதைக் கொடுக்கலாம்? சொந்தக்காரர் ஒருவர் "அந்த ஒரு வாரம் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு வலி மாத்திரையைப் போடட்டும்" என்கிறார், அது சரியா?

தேவகோட்டை மருந்தாளுநர்:

தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுமே காரணம், மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான் காரணம். மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் இதை எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ரத்தம் ஒரு சின்னக் குழாய் வழியாக வருகிறது, இன்னொரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகிறது. உள்ளே ஒரு அழுத்தம் நின்றால்தான் கழிவு வடிந்து சிறுநீராகும். நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள்: வரத்துக்காலில் தண்ணீர் வர வேண்டும், மடை அளவாகத் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே மட்டம் நிற்கும். வலி மாத்திரை வரத்துக்காலைச் சுருக்குகிறது. உள்ளே வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் அதைத்தான் தடுக்கின்றன. டெல்மிசார்டன் மடையை அகலத் திறந்துவிடுகிறது, ஏனென்றால் வெளியே போகும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஆஞ்சியோடென்சினை அது வேலை செய்யவிடாது. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியேற்றும் மாத்திரை, அது ஊரில் மழையையே குறைத்த மாதிரி. மூன்றும் சேர்ந்தால் மட்டம் எப்படி நிற்கும்? அதன் மேல் வெயில், வியர்வை, விரதம், குறைத்துக் குடித்த தண்ணீர் வேறு.

இதில் டெல்மிசார்டன் கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண நாளில் கிட்னியைக் காப்பாற்றுகிற மருந்து அது, சுகர் உள்ளவர்களுக்கு அதைத் தேடித் தருகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கான மருந்துகள்தான், கூட்டாகச் சேரும்போதுதான் ஆபத்து.

அப்பச்சியின் பி.பி. மாத்திரை ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு மருந்து. "நான் ஒரு மாத்திரைதான் போடுகிறேன்" என்று அவர் சொல்வது உண்மைதான், அதனால்தான் கேட்கிறவருக்கும் ஆபத்து தெரிவதில்லை. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன் என்று "சார்டன்" என முடிவதும், எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என முடிவதும் ஒரு பக்கம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு, டோர்சமைடு இவை நீர் மாத்திரைகள். வலி மாத்திரையில் மேலே சொன்னவை தவிர நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப், மெஃபனமிக் ஆசிட், பைராக்ஸிகாம், நிமெசுலைடு எல்லாம் ஒரே குடும்பம். எட்டோரிகாக்ஸிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இதமானது என்பார்கள், கிட்னி விஷயத்தில் அது எந்தச் சலுகையும் தருவதில்லை. ஊசியாகப் போட்டாலும் அதே மருந்து அதே வேலையைத்தான் செய்யும். கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டால் பாதுகாப்பு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு வயிற்றுக்கு மட்டும்தான்.

இன்னொன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் செத்த மாட்டின் உடம்பிலிருந்து பாறுக் கழுகுகளுக்குப் போய், அவற்றின் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மனிதனுக்கு அந்த அளவு நஞ்சு இல்லை, அதனால் பயந்துவிடாதீர்கள். ஆனால் மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிற பொருளும் இல்லை. சட்டப்படி டைக்ளோஃபினாக் மாத்திரை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டியது. பாதயாத்திரை நேரத்தில் ரோட்டோரக் கடைகளில் யாரும் சீட்டு கேட்பதில்லை, "பி.பி. மாத்திரை போடுகிறீர்களா" என்றுகூட கேட்பதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். கேட்க அரை நிமிடம் ஆகாது.

பள்ளத்தூர் சுப்பு:

அண்ணே, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் படிக்கிறவர்கள் ரொம்பப் பயந்துவிடக்கூடாது. எங்கள் ஐயா பி.பி. மாத்திரையோடு மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் அவ்வப்போது போட்டவர்தான், எண்பது தாண்டியும் கிட்னியில் ஒரு குறையும் இல்லை. கூட நடக்கிறவர்களில் பாதிப் பேர் பையில் வலி மாத்திரை வைத்திருக்கிறார்கள். நாலு நாள், ஐந்து நாள் போடுவதில் அவ்வளவு ஆபத்து என்றால் இத்தனை பேர் எப்படித் திரும்பி வருகிறார்கள்? வருடக்கணக்கில் தினமும் போடுகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். வலியோடு நடந்து வழியில் விழுந்தால் அதுவும் ஆபத்துதானே.

மதுரையிலிருந்து ஒரு பொதுமருத்துவர்:

சுப்பு அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனால் "நாலு நாள்தானே" என்பதுதான் இந்த விஷயத்தில் தவறான கணக்கு.

2013-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் பி.பி. மருந்து எடுத்த 4 லட்சத்து 87 ஆயிரம் பேருக்கு மேல் உள்ள பதிவுகளைப் பார்த்தார்கள். சார்டன் அல்லது ப்ரில் வகையோடு நீர் மாத்திரையும் எடுத்தவர்கள் அதன் மேல் வலி மாத்திரையும் சேர்த்தபோது, திடீர் கிட்னி பாதிப்பு 31 சதவீதம் கூடியது. வலி மாத்திரையைச் சேர்த்த முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம் கூடுதல். ஆக ஆரம்பத்தில்தான் ஆபத்து அதிகம். பி.பி. மருந்து ஒரு வகையும் வலி மாத்திரையும் என்று இரண்டு மட்டும் சேர்ந்தவர்களுக்கு மொத்தத்தில் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. உங்கள் ஐயாவுக்கு ஒன்றும் ஆகாததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், அவர் என்ன பி.பி. மருந்து எடுத்தார் என்று பாருங்கள். சார்டன், ப்ரில், நீர் மாத்திரை எதிலும் சேராத அம்லோடிபின் என்ற பி.பி. மருந்து மட்டும் எடுப்பவருடைய நிலை வேறு. அதோடு அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெயிலில் விரதத்தோடு 150 கிலோமீட்டர் நடந்தவர்கள் இல்லை.

கண்டனூர்த் தம்பி, கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.6 போவதை "அரைப் புள்ளிதானே" என்று நினைக்க வேண்டாம். 68 வயது ஆணுக்கு 1.6 என்றால் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 47-க்கு இறங்கியிருக்கிறது. 1.2 என்றால் சுமார் 66. மீண்டு வந்தது நல்ல விஷயம், இந்த வகைப் பாதிப்பு சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆனால் ஒருமுறை அடிபட்ட கிட்னிக்கு, பின்னாளில் நிரந்தரப் பாதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் இந்த வருடம் அந்த வலி மாத்திரைக் குடும்பத்தில் எதுவுமே வேண்டாம், ஊசியும் வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு மூன்றுவரை போதும். சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு வலி மாத்திரை போடும் யோசனை ரொம்பத் தவறு. வலி மாத்திரையே பி.பி.யை ஏற்றும், அந்த நேரத்தில் பி.பி. மாத்திரையும் இல்லை என்றால் பக்கவாதம் வரை போகலாம். ஆனால் அந்த வாரத்துக்கு மருந்தை மாற்றி அமைக்க வேண்டுமா என்பது சரியான கேள்வி, அதை அவருடைய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நடக்கும் நாட்களுக்கு நீர் மாத்திரை இல்லாத பி.பி. மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் பற்றியும் கட்டாயம் கேளுங்கள், அது சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். ஒரு வேளை உணவோடு விரதம் இருக்கும்போது அதைத் தொடர்ந்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம், சுகர் அளவு பெரிதாக ஏறாமலே வரும் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். மெட்ஃபார்மினும் கிட்னி திறன் நன்றாகக் குறைந்தால் உடம்பில் தேங்கும்.

யாத்திரை இல்லாத நாளுக்கும் ஒன்று சொல்கிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிடவே முடியாத காய்ச்சல் வந்தால், இந்த மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்து எதை நிறுத்தி வைக்கலாம் என்று கேட்க வேண்டும். இதயத்துக்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் இந்தப் பதிவைப் படித்துவிட்டு அதைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்தச் சிறிய அளவு வேறு காரணத்துக்காகத் தரப்படுவது.

சிங்கம்புணரி ஆச்சி:

யாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலும் சாப்பாடும் போடுகிற குழுவில் நானும் இருக்கிறேன், அதனால் மருத்துவர் சொன்னதோடு எனக்குத் தெரிந்ததையும் சேர்க்கிறேன். மருத்துவ முகாமில் இருக்கும் பிள்ளைகள் நல்ல மனதோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வரிசை நீளம், வருகிறவர்கள் எல்லோரும் கால் வலி என்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் அப்பச்சி கழுத்தில் போட்டிருக்கும் அடையாள அட்டைக்குப் பின்னாலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: பி.பி. மாத்திரையின் பெயர், சுகர் மாத்திரையின் பெயர், "வலி ஊசி, வலி மாத்திரை கூடாது, பாராசிட்டமால் மட்டும்" என்று தமிழில் பெரிதாக. நம் பெரியவர்கள் வலி வந்தால் எது கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், "வேண்டாம்" என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். அந்தத் தாள் அவருக்காகப் பேசட்டும்.

பொட்டலத்தில் பெயரே இல்லாமல் மூட்டுவலிச் சூரணம் என்று சிலர் விற்பார்கள். ஒரே வேளையில் வலி பறந்துவிடும் என்பார்கள். அப்படிப் பறந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்து பிடிபட்டிருக்கின்றன. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தருவதை நான் சொல்லவில்லை, பெயரில்லாத பொட்டலத்தைச் சொல்கிறேன்.

பெண்கள் நிறையப் பேர் வழியில் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கும். எங்கள் பந்தலுக்குப் பின்னால் பெண்களுக்கு மறைப்பு கட்டியிருக்கிறோம், மற்ற குழுக்களும் கட்டுங்கள் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: இளநீர் கொடுப்பது நல்லதுதானே?

மதுரையிலிருந்து ஒரு பொதுமருத்துவர்:

ஆச்சி, அந்தத் தாள் ஒட்டும் யோசனை என் சீட்டைவிடப் பயன்படும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது. சார்டன், ப்ரில் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தங்கும் தன்மை உண்டு, கிட்னியும் அந்த நேரத்தில் சோர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். ஏற்கெனவே கிரியேட்டினின் ஏறியவர்களுக்கு இளநீரைத் தவிர்த்து, தண்ணீரும் நீர்மோரும் கொடுங்கள். பானகம் சுகர்க்காரர்களுக்கு வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, அரை நாளாகப் போகவே இல்லை என்றாலோ அங்கேயே நடையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை அப்படியே அப்பச்சிக்குப் படித்துக் காட்டினேன், கண்மாய்க் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. நேற்று அவருடைய மருத்துவரைப் பார்த்தோம். கிரியேட்டினின் இப்போது 1.2, பொட்டாசியம் சரியாக இருக்கிறது. நடக்கும் நாட்களுக்கு நீர் மாத்திரை கலந்ததை நிறுத்தி அம்லோடிபின் எழுதிக் கொடுத்திருக்கிறார், திரும்பி வந்ததும் பரிசோதனை பார்த்துவிட்டுப் பழைய மாத்திரையைத் தொடர்வதா என்று முடிவு செய்வாராம். டாபாகிளிஃப்ளோசினைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். முழு விரதம் வேண்டாம், இரண்டு வேளையாவது சாப்பிட வேண்டும் என்றதற்கு அப்பச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆத்தா (அம்மா) பேசியபின் சரி என்றார். ஆச்சி சொன்னபடி தாளும் ஒட்டியாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: முழங்காலில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாமா?

தேவகோட்டை மருந்தாளுநர்:

மாத்திரையோடு ஒப்பிட்டால் ஜெல்லிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. ஆனாலும் அவருக்கு ஒருமுறை கிரியேட்டினின் ஏறியிருப்பதால், மருத்துவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முழங்காலில் மட்டும், கொஞ்சமாக. தொடை, முதுகு என்று உடம்பெல்லாம் பூச வேண்டாம். தடவிய இடத்தில் துணி இறுக்கிக் கட்டுவதும் சுடுநீர் ஒத்தடமும் கூடாது, உள்ளே போகும் அளவு கூடிவிடும். பழனியிலிருந்து வந்ததும் ஒரு வாரத்துக்குள் ரத்தம் கொடுங்கள். சீட்டில் கிரியேட்டினினோடு பொட்டாசியமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பல லேபுகளில் தனியாகக் கேட்டால்தான் அதைச் செய்வார்கள்.